தூசி படாமல்

ஆராய்ச்சிப் பெண் படியிறங்கும் சத்தம் அடங்குவதற்குள் தலைவரம்மா அளவு நாடாவை எடுத்துவிட்டாள். முன்னறை ஜன்னலுக்குப் பக்கத்தில் முக்காலியின் மேல் அந்தப் பெட்டி மெல்லிய சத்தத்தோடு உட்கார்ந்திருந்தது. பிஸ்கட் டப்பா அளவு, வெள்ளை நிறம். உச்சியில் விரல் நீளத்துக்கு ஒரு குழாய், நெற்றியில் பச்சைப் புள்ளியாக ஒரு விளக்கு. “விலை ஒசந்த மெஷின்மா. எங்க டிபார்ட்மெண்ட்லயே நாலுதான் இருக்கு. பத்திரமா பாத்துக்கங்க. தண்ணி படக்கூடாது, நகத்தக்கூடாது, ஆஃப் பண்ணக்கூடாது” என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் தலைவரம்மா தலையாட்டினாள். அந்தப் பெண் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? இந்த ரோட்டுத் தூசியில் திறந்துபோட்ட எந்தப் பொருள் உருப்பட்டிருக்கிறது? நீளம், அகலம், உயரம் எடுத்தாள். குழாய்க்குத் தனியாக ஒரு கூம்பு. மாலைக்குள் உறை தயார். பழைய திரைச்சீலையின் கெட்டித் துணி, அடியில் எலாஸ்டிக், முன்பக்கம் ஒரு நீலப் பூ. போட்டுப் பார்த்தபோது பெட்டி குளிருக்குக் குல்லா மாட்டிய குழந்தை மாதிரி இருந்தது. சத்தம்கூட அடங்கிவிட்டது. தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் உறை இல்லாமல் எதுவும் வாழ்ந்ததில்லை. டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, ஃபிரிட்ஜின் கைப்பிடிக்குத் தனியாகச் சின்ன உறை. ரிமோட் வந்த நாளிலிருந்து அதன் பாலிதீன் பைக்குள்ளேயே இருந்தது. பை மங்கிப்போய் எண்கள் தெரிவதில்லை, விரல்தான் வழி தெரிந்து வைத்திருந்தது. சோபாவுக்கு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க அதன் மேல் ஒரு துண்டு. விருந்தாளி வந்தால் மட்டும் எல்லாம் கழற்றப்படும். சோபா தன் சொந்தச் சிவப்பைக் காட்டும், டிவி தன் முகத்தைக் காட்டும், வந்தவர்கள் “எப்பவும் புதுசாவே வச்சிருக்கீங்களே” என்பார்கள், அவள் உச்சி குளிர்ந்துபோவாள். அவர்கள் படியிறங்கியதும் எல்லாம் மறுபடி முகத்தை மூடிக்கொள்ளும். “இந்த வீட்ல உறை இல்லாம இருக்கறது நான் ஒருத்தன்தான்” என்று புருஷன் ஒருமுறை சொன்னார். “உங்களுக்கு அளவெடுக்க இந்த நாடா பத்தாது” என்றாள் அவள்.

வீடு இரண்டாவது மாடி, கீழே சிக்னல். வாங்கும்போது அது சாதாரண ரோடு. சைக்கிள்காரர்கள் பேசிக்கொண்டே போவார்கள். மெயின் ரோட்டு மேல வீடு என்று சொல்லிக்கொள்வதில் அப்போது ஒரு மதிப்பு இருந்தது. பிறகு ரோடு தன் பாட்டுக்கு வளர்ந்தது. மரங்களைத் தின்றது, நடைபாதையைத் தின்றது, கட்டடத்தின் முன்வாசல் படிகளில் இரண்டைத் தின்றது, கடைசியில் ஜன்னலுக்குக் கீழே வந்து மூச்சிரைக்க நின்றுகொண்டது. சிவப்பு விழுந்தால் பஸ்ஸும் லாரியும் உறுமிக்கொண்டே காத்திருக்கும். பச்சை விழுந்தால் எல்லாம் ஒரே சமயத்தில் ஒரு பெருமூச்சு விட்டுக் கிளம்பும். அந்தப் பெருமூச்சு நேராக இரண்டாவது மாடிக்கு வரும், ஓசிக் குடித்தனக்காரன் மாதிரி எல்லா அறைக்குள்ளும் போய்ப் பார்க்கும், பிடித்த இடத்தில் உட்காரும். மண் நிறத் தூசியாக இருந்தால் ஊதிவிடலாம். இது கறுப்பு, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கோடு. விரலில் பட்டால் ரேகைக்குள் புகுந்துகொள்ளும். காலை, மதியம், மாலை என்று ஜன்னல் கட்டையைத் துடைப்பாள். துணியைப் பிழிந்தால் வாளித் தண்ணீர் முதலில் டீ நிறமாகும், அடுத்து மையாகும். இத்தனை வருஷமாக அந்த மையைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, கையைக் கழுவிவிட்டு, வீடு சுத்தமாகிவிட்டது என்று நம்பி வந்தாள்.

புருஷனைத் தலைவர் என்று கூப்பிடுவது கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்தை முன்னிட்டு. ஓர் அலுவலகத்தில் துணைக் கண்காணிப்பாளராக இருந்து, யாரைக் கண்காணித்தோம் என்பது கடைசிவரை தெளிவாகாமலேயே ஓய்வு பெற்றவர். கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். அதில் நான்கு பூட்டிக் கிடந்தன. மிச்ச எட்டில் ஆறு வீட்டுக்காரர்கள் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். வருகிற இருவரில் ஒருவர் இவர், இன்னொருவர் இதே மாடியில் பக்கத்து வீட்டில் இருக்கும் வக்கீல். எதற்கெடுத்தாலும் எழுந்து நிற்பதால் வக்கீலுக்குக் கட்டடத்தில் ஆட்சேபணை என்று பெயர். அந்த ஒருவரிடம் பேசவும் தலைவர் மைக் வைத்திருந்தார். சங்கத்துக்கு முத்திரை, லெட்டர்பேட், வெள்ளி விழா மலர் எல்லாம் உண்டு. காலையில் தலைவர் தொண்டையைச் செருமும் சத்தத்தில்தான் கீழ்வீட்டுப் பிள்ளைகள் ஸ்கூலுக்கு எழுந்திருப்பார்கள். அந்தச் செருமல் மேடைப் பேச்சாளர்களுக்கே உரியது என்பது அவருடைய அபிப்பிராயம்.

பிள்ளை இல்லை அவர்களுக்கு. அதைப்பற்றிப் பேசுவதை நிறுத்தியும் வெகுகாலமாகிவிட்டது. ஆனால் பிள்ளை வளர்க்கவில்லை என்று சொல்ல முடியாது. தலைவரம்மாவுக்குக் கல்யாணமான மறு வருஷம் அம்மா போய்ச் சேர்ந்தாள். பால்பல் விழாத தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தாள். முன்னறைதான் தங்கச்சியின் அறை. அந்த ஜன்னல் ஓரம்தான் அவள் படித்தாள், தூங்கினாள், கண்ணாடி பார்த்துத் தலை வாரினாள், ஒருநாள் கப்பலில் என்ஜினியராக இருக்கும் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். வெகுநாள் கழித்து இப்போது அவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு. பல வாரம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து, கண்ணாடிக்கு வெளியே நின்றவர்களின் உயிரை வாங்கி, பிறகு ஒரு வழியாக வீட்டுக்கு வந்தது. நுரையீரல் இன்னும் முழுசாக வளரவில்லை, ஒரு வருஷம் புகை, தூசி எதுவும் அண்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பன்காரன் கப்பலேறப் போகிறான், திரும்ப ஒரு வருஷமாகும். வாடகை வீட்டைக் காலி செய்கிறார்கள். தாயும் பிள்ளையும் எங்கே இருப்பது? மாமியார் வீடு இருக்கிறது, ரயிலில் ஒரு பகல் போக வேண்டும், சுற்றிலும் தோப்பு. இல்லாவிட்டால் அக்கா வீடு.

“அத்தை நல்லவங்கதான்க்கா. ஆனா அங்க நான் விருந்தாளி. தண்ணி குடிக்கக்கூட கேட்டுட்டுதான் குடிக்கணும்” என்றாள் தங்கச்சி போனில். “உங்கிட்ட வந்து விழுந்துடணும்னுதான் இருக்கு. ஆனா அந்த ரோடு…”

அந்த ரோட்டுக்காக அக்கா என்ன சொல்லிப் பரிந்து பேசுவது?

அந்தச் சமயத்தில்தான் கல்லூரிக்காரர்கள் வந்தார்கள். ரோட்டோர வீடுகளுக்குள் வண்டிப் புகையின் நுண்துகள் எவ்வளவு வருகிறது என்று அளக்கிறார்களாம், சில வீடுகள் வேண்டுமாம். தலைவர் தன் வீட்டையும், ஜனநாயக முறைப்படி ஆட்சேபணை வீட்டையும் கொடுத்தார். விஷயம் கேள்விப்பட்டதும் தங்கச்சி, “அப்ப ஒண்ணு பண்ணலாம்க்கா. மெஷின் என்ன சொல்லுதோ அதை வச்சு முடிவெடுப்போம். நல்லா இருந்தா நான் வந்துடறேன். இல்லன்னா மனசைத் தேத்திக்கிட்டு அத்தை வீட்டுக்குப் போறேன்” என்றாள். அதனால்தான் தலைவரம்மா அந்தப் பெட்டியை அப்படிக் கொண்டாடினாள். வீட்டில் இருக்கும் பொருள்களிலேயே அதற்குத்தான் பூ போட்ட உறை. போகவர அதைப் பார்ப்பாள். நல்லதாகச் சொல்லு கண்ணு என்று வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு, தலைவர் கேட்டுவிட்டாரோ என்று திரும்பிப் பார்ப்பாள்.

பெட்டியை எடுத்துப்போக ஆராய்ச்சிப் பெண் வந்த அன்று, விருந்தாளி வருகிறாள் என்பதால், சோபா உறை, டிவி உறையோடு அதன் உறையும் கழற்றி மடித்து வைக்கப்பட்டது. “அய்யோ, எவ்ளோ க்ளீனா வச்சிருக்கீங்க! ஒரு வீட்ல மெஷின் மேல பல்லி முட்டையே விட்டிருந்துச்சு” என்றாள் அந்தப் பெண். தலைவரம்மாவுக்கு முகமெல்லாம் பல்.

முடிவு வந்தபோது கட்டடமே வாயைப் பிளந்தது. பக்கத்து வீட்டு ஆட்சேபணையின் முன்னறையில் காற்றிலிருந்த அழுக்கு, ரோட்டில் நின்றுகொண்டு சுவாசிப்பதைவிடச் சற்றே குறைவு. தலைவர் வீட்டு முன்னறையில் மலையுச்சிக் காற்று. தலைவர் அந்தக் காகிதத்தைத் தங்கச்சிக்குப் போனில் வாசித்துக் காட்டினார். அதில் இருந்த எண்களோடு, இல்லாத உரிச்சொற்களையும் சேர்த்து. மறுமுனையில் தங்கச்சி அழுதாள். “அப்ப வரேன் மாமா” என்றாள். போனை வைத்தபிறகு தலைவர் முன்னறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததை மனைவி கேட்டாள். மறுநாளே எங்கிருந்தோ ஒரு பழைய தொட்டில் கட்டிலை வாங்கி வந்து, உப்புத்தாள் போட்டு உரசி, வெள்ளைப் பெயிண்ட் அடிக்க உட்கார்ந்தார். மைக் இல்லாமல் அவர் ஒரு வேலையை முழுசாகச் செய்து முடித்ததை அன்றுதான் அவள் பார்த்தாள்.

ஆனால் மனிதர் மாறிவிடவில்லை. பாராட்டுக் கூட்டம் ஒன்று ஏற்பாடானது. டீ, பிஸ்கட் உண்டு என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்ததால் எட்டு வீடும் வந்தது. கல்லூரியிலிருந்து பேராசிரியரே வந்திருந்தார். அவருக்கு அந்த வீடு ஒரு விதிவிலக்கு; விதியை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம், விதிவிலக்கு கிடைத்தால்தான் கட்டுரை. தலைவர் முதலில் பேசினார். ஒரு வீட்டின் காற்று என்பது அந்த வீட்டின் ஒழுக்கம் என்றார். தான் பதவியிலிருந்த காலத்தில் மேஜையில் ஒரு கோப்பும் தங்கியதில்லை என்றார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. பிஸ்கட் இன்னும் வந்திருக்கவில்லை. பிறகு ‘தூய காற்று இல்லம்’ என்று பொறித்த பித்தளைத் தகடு ஒன்று தலைவரம்மாவின் கையில் கொடுக்கப்பட்டது. கனமாக இருந்தது.

“ஒரு சந்தேகம்” என்று ஆட்சேபணை எழுந்தார். “எங்க வீட்டு ஜன்னலும் அதே ரோட்டைத்தான் பாக்குது. நடுவுல இருக்கறது ஒரு செவுரு. செவுத்துக்கு இந்தப் பக்கம் லாரி, அந்தப் பக்கம் மலைக்காத்தா? மெஷின்ல ஏதாவது கோளாறு இருக்கும் சார்.”

பேராசிரியருக்கு முகம் சிவந்தது. தன்னைச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பார். மைக்கை வாங்கினார். “கருவி பொய் சொல்லாது சார். முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. ஜன்னல் கட்டையில நீங்க துடைக்கிறீங்களே கறுப்புத் தூசி, அது அப்பாவி. பெருசு, கனம், அதனால உக்காந்துடும். நிஜமான ஆளு உக்காரவே மாட்டான். கண்ணுக்குத் தெரிய மாட்டான், காத்துலயே மிதந்துகிட்டு இருப்பான். ஜன்னலை மூடினாலும் இடுக்கு வழியா வருவான். மூச்சோட போயி, நுரையீரலோட அடி வரைக்கும் இறங்கி, அங்க குடித்தனம் பண்ணுவான். துடைக்க முடியாது. அவனைத்தான் இந்தக் கருவி எண்ணுது. எப்படி எண்ணுது? உங்களை மாதிரி, என்னை மாதிரி, அதுவும் மூச்சு விடுது. மேல குழாய் இருக்குல்ல, அதுதான் மூக்கு. உள்ள ஒரு சின்ன ஃபேன் காத்தை இழுக்கும். ரோட்டை ஒட்டின வீட்ல அது இழுக்கற காத்து சுத்தமா இருக்குன்னா, காத்து சுத்தமா இருக்குன்னுதான் அர்த்தம். மூக்கைத் துணியால பொத்தி வச்சா வேணா பொய் சொல்லும்! இவ்வளவு பொறுப்பான குடும்பத்துல யாராவது அப்படிச் செய்வாங்களா?”

கூட்டம் சிரித்தது. ஆட்சேபணைகூடச் சிரித்தார். தலைவரம்மாவும் சிரித்தாள், எல்லோரும் சிரிக்கும்போது சிரிப்பது வழக்கம். சிரிப்பு உதட்டில் இருக்கும்போதே அவளுடைய விரல்கள் கெட்டித் துணியை உணர்ந்தன. கூம்பை அளவாக வெட்டியது, மடித்துத் தைத்தது, எலாஸ்டிக்கை இழுத்து மாட்டியது, சத்தம் அடங்கியதும் தூங்குகிறது என்று நினைத்தது, ஒவ்வொன்றாக வந்து எதிரில் நின்றன. யாரோ மைக்கை அவள் வாயருகே நீட்டினார்கள். வீட்டை இப்படி வைத்துக்கொள்ளும் ரகசியத்தை அம்மா சொல்ல வேண்டும் என்றார்கள்.

“நான்… தினமும் துடைப்பேன்” என்றாள். கைதட்டினார்கள். தலைவர் மைக்கை எடுத்துக்கொண்டார். “என் மனைவி அதிகம் பேச மாட்டார். செயல்தான்” என்றார். பிஸ்கட் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் தலைவர் ஸ்டூல் போட்டு ஏறி, வாசல் கதவுக்கு மேல் தகட்டை மாட்ட ஆணி அடித்தார். அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னங்க, அந்த மெஷினுக்கு நான் உறை போட்டிருந்தேன்.”

சுத்தியல் நின்றது.

“எப்ப?”

“வச்ச அன்னிக்கே. எடுத்துட்டுப் போற வரைக்கும்.”

தலைவர் ஆணியைப் பார்த்தார். ஆணி பாதி இறங்கியிருந்தது. “நான் பாக்கலியே” என்றார். இந்த வீட்டில் உறையைத் தனியாகப் பார்ப்பதை அவர் எப்போதோ விட்டிருந்தார். மெதுவாக இறங்கி, ஸ்டூலிலேயே உட்கார்ந்தார். கண்காணிப்பாளர் குரலை வரவழைத்துக்கொள்ள முயன்றார். “துணிதானே. துணிக்குள்ள காத்து போகாதா என்ன? கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம். ஒரு பேராசிரியர், ஒரு கல்லூரி, இத்தனை பேர் முன்னாடி சொல்லியாச்சு. சும்மா உன் மனசைப் போட்டுக் குழப்பிக்காத.”

“அவளுக்குச் சொல்லிடணும்.”

“சொல்லி?”

அவள் அவர் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக் கீழே வைத்தாள்.

“ஜன்னலை எல்லாம் சாத்தி வச்சுக்குவோம். இடுக்குக்கு டேப் ஒட்டிடறேன். காத்தைச் சுத்தம் பண்ற மெஷின் விக்கிறான், ஒண்ணு வாங்கி வைக்கிறேன். வேற என்ன வேணும்?”

“அதெல்லாம் செய்யலாம். அவகிட்ட சொல்லிட்டே செய்யலாமே.”

“சொன்னா வர மாட்டா.”

“அதான்” என்றாள் அவள்.

கீழே பச்சை விழுந்தது. வண்டிகள் பெருமூச்சு விட்டுக் கிளம்பின. தலைவர் முன்னறைப் பக்கம் கையைக் காட்டினார். “அவளே இங்கதானே வளந்தா? அந்த ஜன்னல் ஓரத்துலதானே? என்ன கொறஞ்சு போச்சு அவளுக்கு? நமக்குத்தான் என்ன ஆச்சு?”

“அவ ஸ்கூல் பையில எப்பவும் ஒரு பம்பு இருக்குமே. ஞாபகம் இருக்கா?”

நீல நிற பம்பு. மூச்சு இழுக்க ஆரம்பித்தால் வாயில் வைத்து அழுத்த வேண்டும். உடம்பு வாகு, பெரியவளானால் சரியாகிவிடும் என்று அன்றைய டாக்டர் சொன்னார். கல்யாணமாகிப் போன பிறகு சரியாகவும் ஆகிவிட்டது. பெரியவளானதால் சரியானது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார்கள். இந்த வீட்டை விட்டுப் போனதால் என்று ஒருவரும் நினைத்துப் பார்த்ததில்லை.

“அவ வர்றாம்மா” என்றார் தலைவர். குரல் சட்டென்று சின்னதாகிவிட்டது. “நம்ம வீட்ல ஒரு குழந்தை தவழப்போகுது. ஒரு வருஷம். அது உனக்குப் போதாதா? இதுக்கப்புறம் நமக்கு வேற என்ன இருக்கு?”

அந்த ஆணி பாதியிலேயே நின்றது. அதை மேலும் அடிக்கவும் இல்லை, பிடுங்கவும் இல்லை.

மறுநாள் போனை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். எந்த வாக்கியமும் முடிவு வரை போகவில்லை. தங்கச்சியே கூப்பிட்டுவிட்டாள்.

“பெட்டி கட்டறேன்க்கா. அவர் ஒரு பக்கம் கட்டினா நான் ஒரு பக்கம் அவுக்கறேன். அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம். தோப்புக் காத்தை விட்டுட்டு ரோட்டுக்குப் போறியான்னாங்க. எங்க மாமா வீட்டுக் காத்துக்கு சர்ட்டிபிகேட் இருக்கு, உங்க தோப்புக்கு இருக்கான்னு கேட்டுட்டேன்!” என்று சிரித்தாள். “அக்கா? இருக்கியா?”

“இருக்கேன்டி.”

“என்ன ஒரு மாதிரி பேசற?”

“ஒண்ணுமில்ல. உங்கிட்ட ஒண்ணு…”

“இரு இரு, இவ முழிச்சுட்டா. பெரியம்மா கூட பேசறியா குட்டி? இந்தா, காதுல வைக்கறேன், பேசுக்கா.”

போனில் எதுவும் கேட்கவில்லை. அப்புறம் கேட்டது. சின்னச் சின்னதாக, அவசர அவசரமாக, இழுத்து விட்டு இழுத்து விட்டு, நடுவில் ஒரு சின்ன தடுக்கலோடு, மூச்சு. அவ்வளவுதான் குழந்தையிடம் இப்போதைக்கு இருந்த பேச்சு. தலைவரம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்த வீட்டில் எத்தனையோ சத்தம் கேட்டிருக்கிறாள்; இவ்வளவு சின்னச் சத்தத்தைக் கேட்டதில்லை. அது நின்றுவிடுமோ என்று பயந்து தன் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

“என்னமோ சொல்ல வந்தியே?” என்றாள் தங்கச்சி திரும்ப வந்து.

“வர்றப்ப குல்லா போட்டுக் கூட்டிட்டு வா” என்றாள்.

வைத்தபிறகு தன்மீதே வெறுப்பு வந்தது. எழுந்துபோய் வாளியில் தண்ணீர் பிடித்து ஜன்னல் கட்டையைத் துடைத்தாள். பிழிந்தாள். மை. அவளுக்கு ஒரு விஷயம் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. உறையைப் பற்றித் தெரியாது, சரி. குழாய் மூக்கு என்று தெரியாது, அதுவும் சரி. ஆனால் இந்தத் தண்ணீரைத் தெரியுமே! இதைவிட எந்த மெஷின் சொல்ல வேண்டியிருந்தது? மலைக்காற்று என்று காகிதம் சொன்னபோது, இந்த வாளியைத் தினமும் பார்க்கிறவள், எப்படி நம்பினாள்? அந்த எண் குழந்தையைக் கூட்டிவருகிற எண்ணாக இருந்தது. அதனால் நம்பினாள். தலைவரும் அப்படித்தான். பேராசிரியருக்கும் அவருடைய கட்டுரை. சந்தேகப்பட்டது ஆட்சேபணை ஒருவர்தான். அவருக்கும் அதில் கிடைக்கப்போவது ஒன்றும் இல்லையா என்றால், தலைவரின் முகம் தொங்குவதைப் பார்ப்பது அவருக்கு எப்போதுமே ஒரு தனி சுகம்.

தங்கச்சி வருகிற நாள் வரை அவள் சொல்லவில்லை. அவரும் அதைப்பற்றிப் பேசவில்லை. முன்னறை ஜன்னலின் இடுக்குகளில் பழுப்பு டேப் ஒட்டினார், முடித்தபின் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். சுத்தம் பண்ணும் மெஷினும் வந்து மூலையில் நின்றது. அதற்கு அவள் அளவெடுக்கவில்லை. டேப் ஒட்டிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோடு ஓசை குறைந்து ஓடிக்கொண்டிருந்தது. மாலையில் ஒரு வெள்ளைத் துணியை நனைத்துத் தொட்டில் கட்டிலின் விளிம்பைத் துடைத்தாள். துணியைத் திருப்பிப் பார்க்காமல் வாளியில் போட்டாள்.

தங்கச்சி வருகிற அன்று பிற்பகல் தலைவர் சட்டையை இரண்டு தடவை மாற்றினார். கீழே கேட்டருகே சங்கத்தின் சார்பில் வரவேற்பு. கீழ்வீட்டுப் பிள்ளைகளின் கையில் பலூன்கள். ‘தூய காற்று இல்லத்துக்கு இளவரசியே வருக’ என்று ஒரு துணி கட்டியிருந்தார். அதன் கீழே சங்கத்தின் பதிவு எண். மைக்கும் இருந்தது. ஆட்சேபணைகூட ஒரு பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, யார் கேட்டாலும் தான் தற்செயலாக அந்தப் பக்கம் வந்ததாகச் சொல்லத் தயாராக நின்றார்.

தலைவரம்மா மேலேயே இருந்தாள். டேப் ஒட்டிய ஜன்னலின் பின்னால் நின்று ரோட்டைப் பார்த்தாள். சிவப்பு விழுந்து வண்டிகள் சேர ஆரம்பித்தன. இரண்டு பஸ், தண்ணீர் லாரி, நடுவில் எள் போட இடமில்லாமல் பைக்குகள். தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார். அதன் தலையில் பெட்டிகளும், கவிழ்த்து வைத்த ஒரு பிங்க் நிறக் குளியல் தொட்டியும் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. லாரியின் புகைக்குழாய் காரின் முகத்துக்கு நேராக இருந்தது. லாரி ஒரு தடவை உறுமியது. பிங்க் தொட்டி மறைந்து, திரும்பத் தெரிந்தது.

செருப்பு மாட்டிக்கொள்ளவில்லை. கதவைச் சாத்தவில்லை. படியிறங்கிக் கேட்டருகே வந்தபோது தலைவர் மைக்கில், “ஹலோ, ஹலோ” என்று பரிசோதித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வந்துட்டாங்களா?” என்றார் மைக்கிலேயே. அவள் நிற்கவில்லை. “எங்க போற? வண்டி உள்ள வரட்டும்! ஏய்!” அதுவும் மைக்கில்தான் கேட்டது. ரோடு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

பைக்குகளுக்கு நடுவே புகுந்தாள். “பாத்துப் போம்மா, சாகறதுக்கு வேற எடம் இல்லையா?” என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். தார் உள்ளங்காலைச் சுட்டது. லாரிக்கும் காருக்கும் நடுவே நுழைந்து வந்தாள். பின்சீட்டில் தங்கச்சி. மடியில் குல்லா போட்ட சின்ன உருண்டை. தங்கச்சி அவளைப் பார்த்துவிட்டாள். முதலில் திகைப்பு, பிறகு முகம் முழுக்கச் சிரிப்பு. பொறுக்கமாட்டாமல் அக்கா ரோட்டுக்கே ஓடிவந்துவிட்டாள்! குழந்தையைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகக் காட்டினாள். இன்னொரு கையால் பொத்தானை அழுத்தினாள். கண்ணாடி இறங்க ஆரம்பித்தது.

“ஏத்து!” என்று கத்தினாள் தலைவரம்மா. “கண்ணாடியை ஏத்துடி! இங்க வராத! நான் சொல்றேன், ஏத்து!”

தங்கச்சி காதருகே கை வைத்து, கேட்கவில்லை என்று தலையசைத்துச் சிரித்தாள். விரலளவு இடைவெளி இரண்டு விரலானது. தலைவரம்மா இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியின் மேல் வைத்து, பலம் கொண்ட மட்டும் மேலே தள்ளினாள். கை வழுக்கியது. தள்ளத் தள்ளக் கண்ணாடியில் படிந்திருந்த கறுப்பு அவள் கையோடு வந்தது. சிரிப்பு மெல்ல மெல்லத் தங்கச்சியின் முகத்திலிருந்து போயிற்று. அவள் அக்காவின் வாயையே பார்த்தாள். பச்சை விழுந்தது. பின்னால் நின்ற அத்தனை வண்டியும் ஒரே குரலில் ஹாரன் அடித்தது. லாரி பெருமூச்சு விட்டது. கார் நகரவில்லை. உள்ளங்கை வழுக்கிய இடத்தில் மட்டும் கண்ணாடி தெளிந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம், கண்ணைத் திறக்காமலேயே, முகமெல்லாம் சுருங்க, தன்னால் முடிந்த அளவுக்கு வாயை அகலமாகத் திறந்து, குழந்தை கொட்டாவி விட்டது.